வெங்காயத் தோலும் வண்ண முட்டையும்



நம் நாட்டில் வசந்த காலம் கிடையாது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம், இரவும் பன்னிரண்டு மணி நேரம். பனி கொட்டுவதுமில்லை, உருகுவதுமில்லை. புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சீனப் பெருநாள் கழிந்த கையோடு கித்தா மரங்கள் இலை சிவந்து, பழுத்து, உதிரத் தொடங்கிவிடும். நிரைக்குள் நடந்தால் சருகு மொரமொரக்கும். பால் குறையும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும். பங்குனி பிறக்கும்போது மொட்டை மரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரைப் பார்த்ததும் பால்மரம் வெட்டுகிறவர்கள் மனத்தில் ஒரு தெம்பு வருமே, அதுதான் நம்முடைய வசந்தம்.

அந்த நாள்களில்தான் சித்திரைப் பிறப்பு வருகிறது. கிறிஸ்துவர் வீடுகளில் உயிர்த்த ஞாயிறும் அப்போதுதான் வருகிறது. உயிர்த்த ஞாயிறுக்கு நிலையான தேதி இல்லை. மார்ச் 21ஆம் நாளோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி எதுவோ, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பது கணக்கு. எனவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால், "பங்குனி உத்திரத்தை ஒட்டி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போயேன்" என்பார்கள். பெரும்பாலான ஆண்டுகளுக்கு அது பொருந்தவும் செய்யும்.

இன்று நாங்கள் பேச வந்தது அந்த நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கைவேலையைப் பற்றி. அது முட்டைக்குச் சாயமேற்றி அழகு செய்வது. "முட்டை தின்பதற்கு. அதில் என்ன அலங்காரம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. முட்டைக்கு அரசு கொடுத்து வந்த உதவித்தொகை 2025 ஆகஸ்ட் முதல் தேதியோடு நின்றுவிட்டது. ஒரு முட்டையையும் வீணாக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் புரதம் வேறு அதிகமில்லை. ஆகவே இன்று நாங்கள் சொல்லும் முறைகளில் முட்டையை உண்ணலாம் அல்லது அதன் உள்ளிருப்பதைச் சமைத்துவிட்டு ஓட்டை வைத்துக்கொள்ளலாம். இரண்டுமற்றுக் குப்பைக்குப் போகும் முறை எதையும் சொல்லப்போவதில்லை.

முதலில், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? முட்டை ஓட்டில் கோலம் போடுவது மனிதருக்கு மிகப் பழைய பழக்கம். தென்னாப்பிரிக்காவில் தீப்குலூஃப் என்ற பாறைக் குகையில், கோடு கீறிய தீக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். இந்தியாவிலும் மகாராட்டிர மாநிலத்துப் பாட்னே என்ற இடத்தில் அத்தகைய ஓடு கிடைத்திருக்கிறது. பாரசீகத்தில் மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளில் நவ்ரோஸ் என்ற புத்தாண்டு பிறக்கும். அந்த நாளில் வீட்டில் விரிக்கும் படையலில் வண்ண முட்டையும் இருக்கும்.

கிறிஸ்துவர்களிடம் இது நிலைத்ததற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு. முற்காலத்தில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. ஆனால் கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? குளிர் நாடுகளில் பகல் நீளத் தொடங்கியதும் கோழி அதிகமாக முட்டையிடும். சரியாக அந்த மாதங்களில்தான் மனிதர் விரதம் இருப்பார்கள். வீட்டில் முட்டை குவியும். கெடாதிருக்க வேகவைத்து அடுக்குவார்கள். விரதம் முடிந்த காலையில் அந்த முட்டைகளுக்கு நிறமேற்றிப் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பார்கள். கிரேக்க நாட்டில் இன்றும் அந்த நாளுக்கு முட்டையைச் சிவப்பாகத்தான் தோய்க்கிறார்கள்.

சிவப்பு முட்டை என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். சீனர் வீட்டில் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்தால் சிவப்புச் சாயமிட்ட முட்டை வரும். தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் பேரன் பிறந்தால் லயம் முழுவதும் தெரிந்துவிடும், பிள்ளைகள் விரலெல்லாம் சிவந்திருக்கும். மலாய்க்காரர் கல்யாணத்துக்குப் போனால் புங்கா தெலோர் கொடுப்பார்கள். துணியிலோ காகிதத்திலோ செய்த பூக்காம்போடு சேர்த்துக் கட்டிய அவித்த முட்டை அது. இப்போதெல்லாம் முட்டைக்குப் பதிலாக மிட்டாயோ சிறிய கேக்கோ வைத்துவிடுகிறார்கள்; பெயர் மட்டும் பழைய பெயராகவே நிற்கிறது. ஆக, வண்ண முட்டை நமக்கு அந்நியப் பொருளில்லை. மூன்று பக்கமும் அண்டை வீட்டார் கையால் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தாம் நாம்.

நாங்கள் இதைக் கற்றுக்கொண்டதும் அண்டை வீட்டில்தான். எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி ஒரு கிறிஸ்துவக் குடும்பம் இருந்தது. தவக்காலம் முடிகிற சனிக்கிழமை மாலையில் அந்த வீட்டு அக்காள் வாசலில் அடுப்பு மூட்டி வெங்காயத் தோலைக் கொதிக்க வைப்பார். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், திருநீறு பூசியவர்களும் சிலுவை போட்டவர்களும், சுற்றி உட்கார்ந்துகொள்வோம். விடிந்தால் அவர்கள் லாரி பிடித்துக் கோயிலுக்குப் போவார்கள். கிள்ளானில் 1928இல் கட்டிய லூர்து மாதா கோயில் போன்ற பெரிய கோயில்களைப் பற்றி அந்த அக்காள் சொல்லித்தான் நாங்கள் முதலில் கேள்விப்பட்டோம். திரும்பி வரும்போது ஆளுக்கொரு முட்டை எங்கள் கைக்கு வரும்.

அப்படி ஒரு மாலையில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்குப் போக வேண்டும். இன்றைய பேச்சில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

முட்டையில் சாயம் நன்றாகப் பிடிக்கப் புளிப்பு ஏதாவது சேர்க்க வேண்டும். அக்காள் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "வீட்டில் சூக்கா இருந்தால் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா" என்றார். நம் நாட்டில் காடிக்குச் சூக்கா என்றுதானே பெயர்? அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு ஆரஞ்சு சர்பத் போத்தலோடு வந்தாள். அக்காள் அதில் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றி ஒரு முட்டையைப் போட்டார். போட்டவுடன் முட்டை புஸ்ஸென்று வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது. மூக்கைத் துளைக்கும் காரமான நெடி. கண்ணில் நீர் கொட்டியது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். பல ஆண்டுகள் ஸ்டோரில் பாலை உறையவைக்கும் தொட்டியருகே வேலை செய்தவர். நெடியை வைத்தே, "ஐயோ, இது பாலுக்கு ஊற்றுகிற ஆசிட்டு!" என்று கத்திக் கிண்ணத்தை எட்டித் தள்ளினார். மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள் சூக்கா கெத்தா என்று சொல்கிறார்களே, அதுதான். யாரோ வாங்கி வந்து, சர்பத் போத்தலில் ஊற்றி, வீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். போத்தலைக் கொண்டுவந்த பெண்ணுக்கு விரல் நுனி வெந்து கொப்புளித்துவிட்டது. அவள் வழியில் அதைச் சர்பத் என்று நினைத்து ஒரு வாய் குடித்திருந்தால்? அன்று யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் மனத்திலும் அதுதான் ஓடியது.

சாப்பாட்டுக் காடியில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு இருக்கும், மீதி தண்ணீர். கித்தாப்பாலுக்கு ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். அது கடையில் நூற்றுக்கு 85 பங்குக்கும் மேலான கடுமையில் விற்கிறது. தண்ணீர் கலந்துதான் பாலுக்கு ஊற்றுகிறார்கள். நீர்க்காத ஃபார்மிக் அமிலம் தோலில் பட்டால் வேகும். விழுங்கினால் தொண்டையும் குடலும் புண்ணாகிச் சிறுநீரகம் வரை கெடும். கேரளத்தின் ரப்பர் விளையும் பகுதிகளில் உள்ள மருத்துவர்கள் இந்த நஞ்சு பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சூக்கா என்று ஒரே பெயர் நடமாடுவதுதான் ஆபத்து. அந்த நாளிலிருந்து நாங்கள் முட்டை வேலைக்குச் சூக்காவே வாங்குவதில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் போதும். நிறம் குறைவதாக எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. எந்த அமிலத்தையும், புல்லுக்கு அடிக்கும் மருந்தையும், குடிக்கும் பொருள் வந்த போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். அமிலம் மேலே பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். 999க்குப் பேசிவிட்டு, அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலப்பொடிக்குச் சேர்க்கும் வண்ணம், சேலைக்குத் தோய்க்கும் வண்ணம், பாய்க்கும் ஊதுவத்திக்கும் போடும் வண்ணம், இவை எதுவும் தின்னும் முட்டைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அந்த மிட்டாயின் இளஞ்சிவப்பு நிறம் ரோடமின்-பி என்ற துணிச் சாயத்தால் வந்தது என்று ஆய்வில் தெரிந்ததுதான் காரணம். முட்டை ஓடு கல்போலத் தோன்றினாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சாயம் உள்ளே வெள்ளைக் கரு வரை இறங்கும். உரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கறையைக் கண்டிருப்பார்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு தோய்ப்பது? அடுப்படியிலும் வேலியிலும் இருக்கிறது.

நாங்கள் இப்போது செலாயாங்கில் வசிக்கிறோம். தோட்டம் விட்டு வந்த குடும்பங்கள் பல இங்கே அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. பத்துமலை பக்கத்தில்தான். இங்கே இருக்கும் மொத்த வியாபாரச் சந்தையை, பாசார் போரோங் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், இரவெல்லாம் லாரி வந்து நிற்கும் அந்தச் சந்தையை ஒருமுறை விடியற்காலையில் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பெரிய வெங்காயத்தை மூட்டை பிரித்துக் கொட்டும் இடத்தில் சருகுபோலத் தோல் சிதறிக் கிடக்கும். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பைத்தியமோ என்று வேண்டுமானால் பார்ப்பார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் சமைக்கும்போது உரிக்கிற தோலை ஒரு மாதம் டின்னில் சேர்த்து வைத்தாலே போதும். காய்ந்த மேல்தோல்தான் வேண்டும், அழுகியது வேண்டாம்.

பத்து வெங்காயத்தின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கறுத்த தேயிலைபோல ஆகும். வடிகட்டி, ஆறவிட்டு, ஓர் எலுமிச்சம்பழச் சாற்றைக் கலந்து, கழுவித் துடைத்த ஆறு முட்டைகளை அதில் வைத்து, சிறு தீயில் கொதி வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். முட்டையைக் கொதிநீரில் போடாமல் ஆறிய நீரிலிருந்தே வேகவைத்தால் வெடிப்பது குறையும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு ஓட்டு முட்டை. வெங்காயத் தோலில் அது செங்கல் நிறத்துக்கு ஏறும். வாத்து முட்டை கிடைத்தால் செம்பொன் நிறம் வரும். பளபளப்பு வேண்டுமென்றால் ஆறியபின் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும்.

இனிப் பிள்ளைகள் வேலை. வேகவைக்கும் முன்னே அவர்களை வேலிப்பக்கம் அனுப்புங்கள். முருங்கை இலை ஒரு கொத்து, கொத்தமல்லித் தழை, செம்பனை மரத்து உடம்பில் முளைத்திருக்கும் பெரணிச் செடியின் இளம் நுனி, இவையெல்லாம் போதும். இலையைத் தண்ணீரில் நனைத்து முட்டையின்மேல் ஒட்டவைத்து, பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி நூலால் முடிச்சுப் போட வேண்டும். துணி தளர்ந்திருந்தால் சாயம் இலைக்கடியில் புகுந்துவிடும். சரியாக இறுக்கியிருந்தால், வெந்து ஆறியபின் துணியை அவிழ்த்து இலையை உரிக்கும்போது, அதே இலை முட்டையின்மேல் வெளிர் நிறத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். நரம்புகூடத் தெரியும். இந்த முடிச்சவிழ்க்கும் நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் ஆண்டுதோறும் இந்தப் பாடுபடுகிறோம் என்றுகூடச் சொல்லலாம். முருங்கை இலை எங்களுக்குப் பிடித்தது. சின்னதாக, உருண்டையாக, வரிசையாக விழும். கொத்தமல்லி பார்க்க அழகு. ஆனால் ஒட்டவைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

மஞ்சளுக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு லிட்டர் தண்ணீர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாண வீட்டில் ஆலத்தி கரைக்கிறோமே, மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் இரத்தச் சிவப்பாகிறதே, அது ஏன்? மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும் குணமுடையது. மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த முட்டையில், சமையல் சோடாவைக் கெட்டியாகக் கரைத்துத் தீக்குச்சியால் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி செம்பழுப்பாக மாறும். நாள்பட மங்கிவிடும், பரவாயில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பில் இன்னும் நன்றாகச் சிவக்கும் என்று உங்கள் பாட்டி சொல்வார். சொன்னாலும் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு டப்பாவைக் கொடுக்காதீர்கள். அழுத்தினால் பீச்சி அடித்துக் கண்ணில் பட்டு, பார்வையைக் கெடுத்துவிடும்.

நீலத்துக்குச் சங்குப்பூ. கிளந்தானில் நாசி கெராபு என்ற நீலச் சோற்றுக்கு நிறம் தருவது இந்தப் பூதான். அவர்கள் புங்கா தெலாங் என்கிறார்கள். இரண்டு கைப்பிடிப் பூவை ஒரு சிறு சட்டித் தண்ணீரில் கொதிக்க வைத்தால் நீலம் இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். ஆகவே நீலம் வேண்டுவோர் பிழிய வேண்டாம். இரண்டும் வேண்டுவோர் சாற்றைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஓட்டில் இந்த நிறம் எடுபடாது. வாத்து முட்டையே வேண்டும். எங்கள் அனுபவத்தில் மூன்று சாயத்தில் அடிக்கடி ஏமாற்றுவது இதுதான்; பூ குறைந்தால் வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

சித்திரை முதல் நாளில் நம்மில் பலர் வீட்டில் மரக்கறிச் சமையல்தான் நடக்கும். அப்படிப்பட்டவர்கள் இந்த வேலையை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டைக்கு அவசரமில்லை.

உக்ரேன் நாட்டில் இதை ஒரு பெருங்கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அங்கே இரண்டு வகை. ஒரே நிறத்தில் அவித்து உண்பதற்கு ஒன்று; கிராஷங்கா என்று பெயர். பச்சை முட்டையில் உருக்கிய தேன்மெழுகால் கோடு வரைந்து, சாயத்தில் தோய்த்து, மறுபடி வரைந்து, மறுபடி தோய்த்து, கடைசியில் மெழுகை உருக்கி எடுத்து, ஆண்டுக் கணக்கில் வைத்துக்கொள்வது மற்றொன்று, அது பிசாங்கா. இந்தக் கலையை 2024இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் இதன் மர்மம். கிளந்தான், திரெங்கானு பாத்திக் துணியில் நடப்பதும் அதுவேதான். நம் வீட்டில் அவ்வளவு நுட்பம் வேண்டாம். அவித்து ஆறிய முட்டையில் வெள்ளை மெழுகுவர்த்தியின் முனையால் பிள்ளைகள் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கட்டும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறிய சாயத்தில் கால் மணி நேரம் ஊறவிட்டால் கோலம் மட்டும் வெளிறி நிற்கும். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகி எல்லாம் பாழ். மெழுகு ஓட்டோடு போய்விடும், உரித்துத் தின்னலாம். கோலம் போடத் தெரிந்த அம்மாவும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று இழுத்துக் காட்ட வேண்டும். கோலம் மறந்துபோன வீடுகளில் திரும்ப வர இது ஒரு வழி.

உண்பதற்கென்றே செய்வதானால் சீனரின் தேயிலை முட்டைக்கு ஈடில்லை. அவித்த முட்டையைக் கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தட்டி ஓடு முழுவதும் கீறல் விழச் செய்ய வேண்டும், உரிக்கக் கூடாது. பிறகு தேயிலைத்தூள், சோயா, பட்டை, அன்னாசிப்பூ போட்ட நீரில் அரை மணி நேரம் சிறு தீயில் வைத்து, உரித்துப் பாருங்கள். வெள்ளைக் கருவில் சிலந்தி வலைபோலக் கோடு ஓடியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தட்டுகிற வேலையைக் கொடுக்கலாம். வேண்டாத இடத்தில் எல்லாம் தட்டுகிற பிள்ளைக்கு, தட்டு என்று சொல்லிக் கொடுக்கிற வேலை இது ஒன்றுதான்.

செலாயாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதில் முட்டையைப் போட்டால் வேகுமா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். வெள்ளைக் கரு இறுகுவதற்கே 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும். மனிதர் குளிக்கிற தண்ணீரில் அது நடக்காது. பேராக் மாநிலத்துச் சுங்கை கிளா ஊற்றில் முட்டை வேகவைத்துத் தின்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போக வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

சரி, அழகு செய்த முட்டையை எத்தனை நேரம் வெளியே வைக்கலாம்? இதில்தான் பலர் தவறுகிறார்கள். தட்டில் அடுக்கிச் சாமி மாடத்தருகே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, மறுநாள் மாலையில் பிள்ளைக்கு உரித்துக் கொடுப்பார்கள். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. முட்டை அவிந்தால் கெடாது என்பது தவறு. ஓட்டின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு வேகும்போது போய்விடுகிறது. பிறகு கிருமி நுழைய வழி திறந்திருக்கிறது. அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உச்சி வெயிலில், தகரக் கூரைக்கடியில், 32 பாகைக்கு மேல் வெக்கை இருந்தால் ஒரு மணி நேரம்தான். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஓட்டோடு ஒரு வாரம் தாங்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீடானால் செய்த அன்றே தின்றுவிடுங்கள். ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடும் விளையாட்டும் உண்டு. விளையாடுங்கள், ஆனால் எத்தனை முட்டை ஒளித்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை எண்ண மறந்தோம். பதினோராம் நாள் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அந்த முட்டையே தான் இருக்கும் இடத்தைத் தெரிவித்தது.

உரிக்கும்போது மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் தெரிந்தால் சாயம் இறங்கிவிட்டது என்று பயப்படாதீர்கள். அதிக நேரம் வெந்ததால் மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக் கருவின் கந்தகமும் கலந்து உண்டாகும் நிறம் அது. தின்னலாம்.

வெகுநாள் வைத்திருக்க ஆசையா? அப்படியானால் ஓட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஒரு துளையைச் சற்றே பெரிதாக்கி, நீண்ட ஊசியால் மஞ்சள் கருவைக் குத்திக் கலக்கிவிடுங்கள். ஊசி எடுத்துவிட்ட மருந்தடிக்கும் சிரிஞ்சில் காற்றை அடைத்துச் சிறு துளையில் வைத்து அழுத்தினால் மறுபக்கம் கரு கிண்ணத்தில் இறங்கும். மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய சிரிஞ்சாக இருக்க வேண்டும். வாய் வைத்து ஊதுவது பழைய முறை. பச்சை முட்டையில் இருக்கும் கிருமி வாய்க்குள் போகும், வேண்டாம். இறங்கிய கருவை அன்றே வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரித்துவிடுங்கள். காலி ஓட்டில் தண்ணீரை உறிஞ்சி ஊற்றிக் குலுக்கிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் இலேசாகி மணிபோல ஒலிக்கும். பள்ளிக்கூட வர்ணம், மார்க்கர் பேனா, சம்கி, பசை என்று பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இதில் பூசலாம். தின்பதற்கில்லை என்பதால் கவலையில்லை. துளை வழியாக நூலைக் கோத்துச் சன்னலில் தொங்கவிடுங்கள்.

எங்கள் வீட்டுச் சன்னலில் அப்படி ஒன்பது ஓடுகள் தொங்குகின்றன. ஒன்று தோட்டத்திலிருந்து வந்தது. அந்த அக்காள் வீட்டில் வெங்காயத் தோலில் தோய்த்தது, பெரணி இலை அச்சு பதிந்தது. தோட்டத்தை விட்டு லாரியில் சாமான் ஏற்றியபோது, பஞ்சு வைத்து மங்கு ஒன்றில் அடக்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நிறம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. இலை இன்னும் தெரிகிறது.